வர்ணம் முதலில், மங்களம் இறுதியில்: கைபேசியில் பாடல் வரிசை

நவம்பர் மாதம் ஓய்வூதியர்களின் மாதம். உயிர்வாழ் சான்று அளிப்பதற்காக முதியோர் பலர் கிளைக்கு வருவர். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ் வழங்கும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த சித்தூர் வட்டத்தில், அவ்வாறு வருவோருள் பணி நிறைவு பெற்ற ஆசிரியர் பலர். இப்பகுதியில் அவர்களை 'மாஷ்' என்றே அழைப்போம். அத்தகைய மாஷ் ஒருவர் சான்றளிக்கும் பணி முடிந்த பின்னரும் எழுந்து செல்லாமல் தயங்கி அமர்ந்திருந்தார். பிறகு தமது கைபேசியை மேசைமீது வைத்து, "வங்கி வேலை அன்று, ஆனாலும் கேட்கிறேன்" என்று தொடங்கினார்.

அவருடைய தந்தையார் ஊர்க் கோயில் விழாவில் பாடிய கச்சேரி ஒன்று இரண்டு ஒலிநாடாக்களில் இருந்ததாம். நாடா பூசணம் பிடிக்கத் தொடங்கியதும், ஒலிப்பதிவு செய்யும் இடத்தில் கொடுத்து 14 உருப்படிகளாக எம்பி3 கோப்புகளாக்கி வாங்கி வந்தாராம். ஆனால் கைபேசியில் இட்டதும் கச்சேரி கலைந்துபோயிற்று. முதலில் ஒலிக்கவேண்டிய வர்ணம் மங்களத்திற்குப் பின் ஒலித்தது. பேரன் ஒவ்வொரு கோப்பிற்கும் 1 முதல் 14 வரை எண் இட்டுக் கொடுத்தான். அதன் பிறகு மங்களம் ஆறாவதாக வந்தது. சபைக்கு வாழ்த்துக் கூறி முடித்த பின்னர் எட்டு உருப்படிகளைத் தந்தையார் மீண்டும் பாடிக்கொண்டிருந்தார்.

"மாஷே, இதற்கு வேறு பிரதி உண்டா?" என்று நாம் வினவினோம். இல்லை என்றார். நாடாவும் இப்போது ஓடும் நிலையில் இல்லை. ஆக, ஒரு மனிதரின் குரல் ஒரே ஒரு கைபேசியில், அதுவும் தவறான வரிசையில், தங்கியிருந்தது. இக்கட்டுரை அவருக்கு அன்று கூறியவற்றின் விரிவே ஆகும்.

வரிசை நமக்குப் புதிதன்று

பாடல்களை வரிசைப்படுத்தும் வழக்கம் கைபேசியோடு வந்ததன்று. இன்று நாம் கேட்கும் கர்நாடக இசைக் கச்சேரி முறையைச் செம்மைப்படுத்தியவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைக் (1890–1967) கூறுவர். வர்ணத்தில் தொடங்கி, கிருதிகளைக் கடந்து, விரிவான உருப்படியை எட்டி, துக்கடாக்களால் மனத்தை இலேசாக்கி, மங்களத்தில் முடியும் அம்முறை உண்மையில் ஒரு பாடல் பட்டியலே. செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896–1974) எம்.டி.ராமநாதனும் (1923–1984) பிறந்த பாலக்காட்டு மண்ணில் இதனை விளக்கவேண்டுவதில்லை.

ஒலிநாடாக் காலத்தைக் கண்டவர்களுக்கு வேறொரு நினைவும் இருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, பின்னாளில் நம் சிற்றூர்கள் வரை பரவியது. கோடிட்ட தாளில் விருப்பப் பாடல்களை எழுதிப் பதிவுக் கடையில் கொடுத்தால், 60 நிமிட நாடாவின் ஒரு பக்கத்திற்கு 30 நிமிடம் என்று கணக்கிட்டுப் பதிந்து தருவர். பின்னர் வரிசையை மாற்ற இயலாது. ஆதலால் எழுதும்போதே எண்ணி எழுதினோம். அந்தத் தாள்தான் இன்றைய பிளேலிஸ்ட். வேறுபாடு ஒன்றே: கடைக்காரர் நம் தாளைப் படித்துப் பொருள் உணர்ந்து செயல்பட்டார், கைபேசி எழுத்தையும் எண்ணையும் மட்டுமே படிக்கும்.

கைபேசி எதைப் பார்த்து அடுக்குகிறது?

கைபேசியிலுள்ள இசைச் செயலிக்குப் பாடலின் பொருள் தெரியாது. நாம் வேறு கட்டளை இடாதவரை, பெயரின் எழுத்து வரிசைப்படி அது அடுக்கும். எழுத்துகளுக்குக் கணினி தந்துள்ள எண்களின்படி பார்த்தால் இலக்கங்கள் முதலிலும், ஆங்கில எழுத்துகள் அடுத்தும், தமிழ் அதன் பின்னும், மலையாளம் தமிழுக்குப் பின்னும் வரும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் பெயரிட்ட பாடல்களை ஒரே கைபேசியில் வைத்திருக்கும் எல்லைப்புறத்து மக்களாகிய நமக்கு, ஒரே படத்தின் பாடல்கள் மூன்று மூலைகளில் சிதறிக் கிடப்பதன் காரணம் இதுவே. தமிழுக்குள்ளும் 'ம' முன்னும் 'வ' பின்னும் வருதலால், மாஷின் கைபேசியில் மங்களம் வர்ணத்தை முந்தியது.

எண் இட்ட பிறகும் பிழை நேர்ந்தது ஏன்? பல செயலிகள் பெயரிலுள்ள எண்ணை எண்ணாகக் கருதாமல் எழுத்தாகவே கருதுகின்றன. முதல் இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் 10, 11, 12, 13, 14 ஆகிய அனைத்தும் 1இல் தொடங்குகின்றன. எனவே அவை 2க்கு முன்னே வந்துவிடும். 1, 10, 11, 12, 13, 14, பிறகே 2. இவ்வாறுதான் 14ஆம் உருப்படியாகிய மங்களம் ஆறாம் இடத்தைப் பிடித்தது.

இதற்குரிய மருந்து நமது காசோலைப் புத்தகத்திலேயே உள்ளது. காசோலையில் 45 என்று அச்சிடுவதில்லை; 000045 என்று ஆறு இலக்கங்களில் அச்சிடுகிறோம். எல்லா எண்களும் ஒரே நீளமாயின், எழுத்தாக ஒப்பிட்டாலும் எண்ணாக ஒப்பிட்டாலும் வரிசை மாறாது. அவ்வாறே பாடல்களுக்கு 01, 02, 03 என்று பெயரின் தொடக்கத்தில் இடுக. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ள தொகுப்பாயின் 001 என்று தொடங்குக.

பாடலுக்குள் இருக்கும் விவரச்சீட்டு

கோப்பின் பெயரைத் திருத்திய பின்னரும் சில செயலிகளில் மாற்றம் தெரியாது. அச்செயலிகள் கோப்பின் வெளிப்பெயரைப் பாராமல், கோப்பினுள் எழுதப்பட்ட விவரங்களையே பார்க்கின்றன. எம்பி3 கோப்பினுள் பாடற்பெயர், பாடியவர், தொகுப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதிவைக்கும் முறையை எரிக் கெம்ப் என்பவர் 1996இல் வகுத்தார். கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் அடங்கிய அச்சீட்டில் பாடற்பெயருக்கு ஒதுக்கிய இடம் 30 பைட்டுகள் மட்டுமே. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இக்கட்டுப்பாட்டை நீக்கியது. பழைய பாடல்களின் பெயர்கள் பாதியில் அறுந்து தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விவரச்சீட்டில் நாம் கருதவேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது பாடற்பெயர். இரண்டாவது தொகுப்பின் பெயர். படத்தின் பெயரையோ கச்சேரியின் பெயரையோ இங்கு எழுதலாம். மூன்றாவது தட எண். அதாவது தொகுப்பினுள் அப்பாடலின் வரிசை எண். நான்காவது தொகுப்புக் கலைஞர். இந்த நான்காவதைப் பலர் காலியாக விட்டுவிடுகின்றனர். நமது திரைப்படங்களில் ஒரே படத்திற்கு ஐந்து பாடகர்கள் பாடியிருப்பர். தொகுப்புக் கலைஞர் இடம் காலியாக இருப்பின், சில செயலிகள் ஒரு படத்தை ஐந்து தொகுப்புகளாகப் பிரித்துக் காட்டும். அவ்விடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே சீராக எழுதிவிட்டால் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

ஒரே சீராக என்பது இன்றியமையாதது. எம்.எஸ்.விஸ்வநாதன் என்ற பெயரில் ஒரு புள்ளியோ ஓர் இடைவெளியோ மாறினால் கைபேசிக்கு அவர் இருவர். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் நான்கைந்து விதமாக எழுதுகின்றனர். கைபேசிக்கு அவர் நால்வர். ஆதார் அட்டையிலும் பான் அட்டையிலும் பெயர் ஓரெழுத்து மாறியதால் அலைந்த வாடிக்கையாளர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கணினியில் விண்டோஸ் இருப்பின், கோப்பின் பண்புகளுள் விவரங்கள் என்னும் பக்கத்திலேயே இவற்றைத் திருத்தலாம். கைபேசியிலேயே திருத்துவதற்கும் செயலிகள் உள்ளன.

பட்டியல் வேறு, பாடல் வேறு

இடுக்கி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியில் நாம் பணியாற்றிய நாள்களில், மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு ஜீப் ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனின் பாடல்கள் ஏற்றத்திற்கும், மலைக்கு அப்பால் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாடல்கள் இறக்கத்திற்கும் என்று அவர் பட்டியல் வைத்திருந்தார். ஒருநாள் பெரிய மெமரி கார்டு வாங்கிப் பாடல்களைப் புதிய கோப்புறைகளில் இட்டார். பட்டியலின் பெயர் இருந்தது. உள்ளே ஒரு பாடலும் ஒலிக்கவில்லை. "பாட்டெல்லாம் அழிந்துவிட்டது சார்" என்று அவர் வருந்தினார். ஒரு பாடலும் அழியவில்லை.

பாடல் பட்டியல் என்பது கணக்குப் புத்தகத்தைப் போன்றது. புத்தகத்தில் தொகை எழுதப்பட்டிருக்கும். பணம் அதில் இராது. அவ்வாறே பட்டியலில் பாடல்கள் இல்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரிகள் மட்டுமே உள்ளன. பரவலாக வழங்கும் எம்3யு என்னும் பட்டியல் கோப்பைத் திறந்து பார்த்தால், வரிக்கு ஒரு முகவரியாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கோப்புறையின் பெயரை மாற்றினாலோ பாடலை வேறிடத்திற்கு நகர்த்தினாலோ முகவரி பொய்யாகிவிடும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, கோப்புறைகளையும் கோப்பின் பெயர்களையும் முதலில் செம்மைப்படுத்தி, அதன் பின்னரே பட்டியல் அமைக்கவேண்டும். இரண்டாவது, பட்டியலைப் பிரதி எடுத்தால் போதாது. பாடல்களையும் பிரதி எடுக்கவேண்டும். சேர்த்த நாளின்படி அடுக்கும் வசதியை நம்பியிருப்போர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. புதிய கைபேசிக்கு மாற்றும்போது எல்லாப் பாடல்களுக்கும் மாற்றிய நாளே சேர்த்த நாளாகிவிடக்கூடும். எண்ணால் அமைத்த வரிசையே கைபேசி மாறினும் நிலைக்கும்.

வரிசை சரியாக இருந்தும் பாடல்கள் தாறுமாறாக ஒலித்தால், ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு அம்புகளைக் கொண்ட குறியைப் பாருங்கள். அது ஷஃபிள் என்னும் கலைத்துப்போடும் வசதி. பெரும்பாலும் தவறுதலாக விரல் பட்டு இயங்கிவிடும். 2021இல் ஆங்கிலப் பாடகி அடேல், தம் தொகுப்பின் பாடல்கள் தாம் எண்ணியமைத்த வரிசையிலேயே கேட்கப்படவேண்டும் என்று வேண்டியதையடுத்து, தொகுப்புப் பக்கங்களில் இவ்வசதி தானாக முன்னிற்பதை ஸ்பாட்டிஃபை நிறுவனம் நீக்கியது. வரிசையும் இசையின் ஒரு பகுதி என்பதை உலகளாவிய நிறுவனமும் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

சந்தா சேவைகளும் தானியங்கிப் பற்றும்

இணையவழி இசைச் சேவைகளில் பட்டியல் நமது கைபேசியில் இராது. நமது பயனர் கணக்கில் இருக்கும். கைபேசி மாறினாலும் அதே கணக்கில் நுழைந்தால் பட்டியல் திரும்பிவிடும். ஆனால் அங்கு தரவிறக்கிய பாடல்கள் அச்செயலிக்குள் மட்டுமே ஒலிக்கும். சந்தா நின்றால் தரவிறக்கமும் பயனற்றுப்போகும். சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தினூடே செல்லும் சாலை போன்று சிக்னல் கிடைக்காத இடங்களில் பயணம் செய்வோர், புறப்படும் முன்னரே பட்டியல் முழுவதையும் தரவிறக்கிவைக்கவேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற சேவையில் 30 நாள்களுக்கு ஒருமுறையேனும் இணையத்தில் இணையவேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

இங்கு வங்கி சார்ந்த செய்தி ஒன்று உண்டு. சந்தாவிற்கு நாம் தரும் ஒப்புதல், மாதந்தோறும் அட்டையிலிருந்தோ யுபிஐ வழியாகவோ தொகை தானாகக் கழியும் ஒப்புதலாகும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இத்தகைய பற்றுக்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வரவேண்டும். இத்தகைய சந்தாக்களில் ரூ.15,000 வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கப்படாது. எனவே அறிவிப்பைப் படிக்காமல் விடுவோருக்குத் தொகை கழிவது தெரியாமலே போகக்கூடும். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் கருதுகின்றனர், நில்லாது. சேவையில் சந்தாவை நீக்கவேண்டும், அல்லது வங்கியில் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவேண்டும்.

பாட்டுக்குக் குறுஞ்செய்தி எதற்கு?

மாஷ் நம்மிடம் வருவதற்கு முந்தைய நாள், வாட்ஸ்அப்பில் அவருக்கு ஓர் இணைப்பு வந்திருந்தது. எல்லாப் பாடல்களையும் தானே வரிசைப்படுத்தும் இலவசச் செயலி என்று அதில் எழுதியிருந்தது. நிறுவத் தொடங்கியபோது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டதாம். கண்ணாடி எடுத்துவரச் சென்ற இடைவெளியில் திரை அணைந்துவிட, அவர் அதை மறந்துவிட்டார். அந்த மறதி அவரது ஓய்வூதியத்தைக் காத்தது எனலாம்.

இசைச் செயலிக்குத் தேவையான அனுமதி ஒன்றே: கைபேசியிலுள்ள ஒலிக்கோப்புகளைப் படிக்கும் அனுமதி. ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்குத் தனி அனுமதியே உள்ளது. குறுஞ்செய்தி அனுமதி கேட்கும் செயலி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிக்க வல்லது. திரையைக் கட்டுப்படுத்தும் அனுமதி கேட்பதோ அதனினும் கொடியது. செய்தியில் வரும் இணைப்புகளிலிருந்து எச்செயலியையும் நிறுவாதீர்கள். கைபேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையை மட்டுமே நாடுங்கள். ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள்.

ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம்

மேற்கூறியவற்றைச் செயல்முறையாகத் தொகுத்துத் தருகிறோம்.

முதற்கண் பிரதி எடுங்கள். எதையும் திருத்துவதற்கு முன் எல்லாப் பாடல்களையும் கணினியிலோ பென் டிரைவிலோ சேமியுங்கள். நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 எம்பி என்பது சாதாரணத் தரமுள்ள எம்பி3 கோப்பின் கணக்கு. ஐந்து நிமிடப் பாடல்கள் 500 இருப்பினும் 2.5 ஜிபியில் அடங்கிவிடும்.

இரண்டாவதாக, படத்திற்கு ஒன்று, கச்சேரிக்கு ஒன்று எனக் கோப்புறைகள் அமைத்துப் பாடல்களைப் பிரித்திடுங்கள். ஒரே மொழியில், ஒரே எழுத்துக்கூட்டலில் பெயரிடுங்கள்.

மூன்றாவதாக, வரிசை முக்கியமான தொகுப்புகளுக்கு 01, 02 என்று எண் இடுங்கள். அதே எண்ணை விவரச்சீட்டின் தட எண்ணிலும் எழுதுங்கள். தொகுப்புக் கலைஞர் இடத்தை நிரப்புங்கள்.

நான்காவதாக, பட்டியல்களை அமையுங்கள். ஒரு பாடல் எத்தனை பட்டியல்களிலும் இடம்பெறலாம். முகவரி மட்டுமே எழுதப்படுதலால் இடம் மிகுதியாகப் பிடிக்காது. பட்டியலிலிருந்து நீக்கினால் பாடல் அழியாது. ஆனால் 'கைபேசியிலிருந்து நீக்குக' என்று கேட்டால் மட்டும் நின்று படியுங்கள்.

இறுதியாக, திருத்திய தொகுப்பிற்கு மீண்டும் இரு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கடையில் கிடைக்கும் பாடலை மறுபடியும் வாங்கலாம். வீட்டார் பாடிய தாலாட்டும், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த கும்மியும் எக்கடையிலும் கிடையா.

மாஷின் கைபேசியை நாம் கையில் வாங்கவில்லை. வாடிக்கையாளரின் கைபேசியை வங்கி அலுவலர் இயக்குவது முறையன்று. நாம் சொல்லச் சொல்ல அவரே ஒவ்வொரு பெயரின் முன்னும் எண்ணைத் திருத்தினார். ஒன்பது பெயர்களின் முன் ஒரு சுழியம் சேர்ப்பதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. வீட்டிற்குச் சென்று இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுப்பதாகவும், ஒன்றைக் கோயம்புத்தூரிலுள்ள மகளிடம் கொடுப்பதாகவும் கூறினார்.

பத்து நாள் கழித்துக் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள மீண்டும் வந்தார். இரண்டாவது பிரதி கோயம்புத்தூர் சேர்ந்துவிட்டதா என்று வினவினோம். சேர்ந்துவிட்டது என்றார். "முந்தாநாள் இரவு முழுவதும் கேட்டேன். வர்ணத்திற்கு முன்னால் அப்பா ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். அது இப்போதுதான் தொடக்கத்தில் வருகிறது" என்று கூறிப் புத்தகத்தை நீட்டினார்.